நாலாவது கிளாஸ்

"ஐயய்யோ, குடிச்சிட்டாருடி!"

நான் போட்ட கத்தலில் எலினெட் கையிலிருந்த மரக்கரண்டி கீழே விழுந்தது.

மேடையோரம் மேஜைமேல் எங்கள் எட்டு கண்ணாடி கிளாஸ்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவு தண்ணீர், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்வரம். நடுவர்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய பீட்ரூட் ஊறிய வினிகரை வேறு கலந்திருந்தோம். நாலாவது கிளாஸை எடுத்து க்விலிம் இரண்டு மடக்கு குடித்தார். யோசித்துவிட்டு இன்னும் ஒரு வாய். வைத்துவிட்டுப் போயே போய்விட்டார்!

க்விலிம், தேவாலயப் பாடகர் குழுவின் மாஸ்டர். இருபது வருடத்துக்கு முன், "உனக்குத் தகரக் காது, சுருதியே பிடிபடாது" என்று எலினெட்டைக் குழுவிலிருந்து அனுப்பியவர். பாட்டுக்குப் பேர்போன வேல்ஸில் பிறந்தவளுக்கு அதைவிட அவமானம் கிடையாது. அன்றிலிருந்து அவள் வாய் திறந்து பாடியதில்லை.

இன்று ஊர்ப் போட்டியில் 'வீட்டுச் சாமானில் வாத்தியம்'. க்விலிமின் குழு ரம்பமும் வாளியுமாக வாசித்துக் கைதட்டலை அள்ளிவிட்டது. மிச்சம் நாங்கள்தான்.

"தாகத்துக்கு யாராவது வினிகர் குடிப்பாங்களா? வேணும்னே பண்ணிருக்கு கிழம்!"

"ஒரு வாரமா தட்டித் தட்டிச் சுருதி சேத்தேனே காரிஸ்..." எலினெட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாதடி. கார்ல வரும்போது சிந்தினதையே நான்தானே ஊத்தி நெரப்பினேன்? இதையும் ஊத்துறேன், இரு."

கூஜாவை எடுப்பதற்குள் எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எலினெட் வாசித்தாள். நாலாவது கிளாஸ் வரும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பிசிறு இல்லை! கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கூடவே பாடியது.

முதல் பரிசு எங்களுக்கு. எலினெட் கேடயத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் சும்மா விடுவேனா? கூஜாவும் கையுமாக எலினெட்டை இழுத்துக்கொண்டு க்விலிம் முன்னால் போய் நின்றேன். மீசை இன்னும் பீட்ரூட் சிவப்பு.

"குடிச்சும் எங்களைக் கவுக்க முடியல, பாத்தீங்களா மாஸ்டர்?"

அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. "எலினெட், தகரக் காதுன்னு சொன்னது என் தப்பும்மா. போற போக்குல ஒவ்வொண்ணா சுண்டிப் பாத்தேன். ஏழு கிளாஸ் கச்சிதமா சேத்திருந்தே."

"நாலாவது?"

"அதையும் நீ சரியாத்தான் வெச்சிருப்பே. யாரோ ஒரு புண்ணியவதி அதுல தண்ணிய ஊத்தி, சுருதிய எறக்கிட்டா." மீசையைத் துடைத்தபடி முகத்தைச் சுளித்தார். "மூணு வாய் குடிச்சப்புறம்தான் ஏறிச்சு."

நான் கூஜாவை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.