பத்தாம் நம்பர் ஊசி

"ரெண்டு ஊசி வேணும், நானா" என்றார் இராயப்பன் கங்காணி, கடைக்குள் வேறு யாரும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்ட பிறகு.

"தையல் ஊசியா, சாக்கு ஊசியா?"

"கம்பளி பின்னுற ஊசி."

ஜௌபர் நானாவுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. எப்படி வராமல் இருக்கும்? லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், விடியற்காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் இந்த மனுசன் ஒரு அதட்டல் போட்டால், வரிசையில் நிற்கிற இருநூறு பேரும் இருமலைக்கூட விழுங்கிவிடுவார்கள். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, முறுக்கு மீசை. ரயில் இன்னும் பதுளையை எட்டிப் பார்க்காத காலம் அது. மாட்டுவண்டியில் இடுப்பொடியப் பதுளைக் கடைவரை வந்து கேட்கிற சாமானா இது?

"வீட்டம்மா போய்ச் சேந்து ஆறு வருசமாச்சே. யாருக்குக் கங்காணியார்?"

"யாருக்கோ. கைக்கொழந்தைக்குச் சட்டை பின்ன. எடுங்களேன்."

"பின்னின சட்டையே இருக்கே!"

ஜௌபர் கண்ணாடி அலுமாரியைக் காட்டினார். உள்ளே குட்டிச் சட்டை, குட்டித் தொப்பி, கட்டைவிரல் அளவு காலுறை. எல்லாம் அவர் மனைவி நளீராவின் கைவேலை. கடைக்குப் பின்னால் தொங்குகிற திரையைத் தாண்டி நளீராவை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கைவேலையைப் பதுளையில் பாராட்டாதவர் கிடையாது. வெள்ளைக்காரத் துரைசாணிமார்கூட வண்டியை நிறுத்தி வாங்குவார்கள்.

"சட்டை வேணாம். ஊசிதான் வேணும். சின்னப் புள்ளைக்குச் சின்ன நம்பராப் பாத்துக் குடுங்க. மூணு."

மூன்றாம் நம்பர் ஊசியைக் கையில் வாங்கியதும் கங்காணி திகைத்தார்.

"என்ன நானா, உலக்கையக் குடுக்கிறீங்க?"

"நம்பர் கொறஞ்சா மொத்தம், கூடினா மெல்லிசு. வெள்ளக்காரன் கணக்கு அப்பிடி."

"அப்ப பதினாறு குடுங்க."

"அது இரும்பு, வழுக்கும். புதுசாப் பின்னுறவங்க கையில நிக்காது. கண்ணி கண்ணியாக் கழண்டு விழுந்துரும். எனக்கு எங்க இதெல்லாம் தெரியும்? இருங்க, உள்ள கேட்டுட்டு வாறேன்."

திரைக்குள் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"பின்னுறவங்க கை இறுக்கமா, தளர்வான்னு நளீரா கேக்குறா. இறுக்கக் கைன்னா ஒரு நம்பர் மொத்தமா வேணுமாம். அந்தப் பொம்பளைய ஒரு நடை கூட்டிட்டு வாங்களேன்."

கங்காணி வாசலை இன்னொரு தடவை பார்த்தார். கோட்டின் உள்பையிலிருந்து எதையோ எடுத்து வைத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கம்பளித் துண்டு. இரண்டு குடைக்கம்பிகளில் தொங்கியது. பலகைபோல விறைத்திருந்தது.

"கை இறுக்கந்தான். பாத்துக்குங்க."

"குடைக்கம்பியில பின்னினதா? அட அல்லாவே, யாரு இது?"

ஜௌபரின் பார்வை கங்காணியின் தோளில் மாட்டியிருந்த குடைக்குப் போனது. ஒரு பக்கத்தில் கம்பி இல்லாமல் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

"கங்காணியார்... நீங்களா?"

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் வெடித்துவிட்டது.

"நாளைக்குப் பெரட்டுல பிரம்புக்குப் பதிலா ஊசியப் புடிச்சிக்கிட்டு நிப்பீங்களோ? ஆம்பள செய்யிற வேலையா இது!"

கங்காணியின் முகம் கறுத்துப்போனது. சத்தம் போடவில்லை. பெரட்டில் ஊரையே அதட்டுகிற குரல் ரொம்பத் தாழ்ந்து வந்தது.

"என் மக அற்புதமலர் முந்திப் பெத்த புள்ளயும் மார்கழியிலதான் பொறந்துச்சி. பேரு வைக்கிறதுக்குள்ள குளுர்ல சளி கட்டிக் கண்ண மூடிருச்சி. இந்த மார்கழிக்கு இன்னொண்ணு வரப்போவுது. தொரை பங்களா ஆயாகிட்டக் கெஞ்சி, மிச்ச நூல வாங்கி, ரெண்டு வரி பின்னக் கத்துக்கிட்டேன்."

"சட்டைய வாங்கிட்டுப் போயிருக்கலாமே..." ஜௌபரின் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

"தாய்வீட்டுத் துணி தாய் கையால வரணும் நானா. அவளுக்குத் தாயும் நான்தானே?"

ஜௌபர் தலையைக் குனிந்துகொண்டார். விரல்கள் மட்டும் அந்தத் துண்டின் கண்ணிகளைத் தடவிக்கொண்டிருந்தன.

"லயத்து வீடுகள்ல தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் என் பேச்சு கேக்க மாட்டான். நீங்களே இந்தச் சிரிப்பு சிரிக்கிறீங்க. வேணாம், வுடுங்க. நான் போறேன்."

துண்டைப் பிடுங்கிக் கோட்டுக்குள் திணித்தார். கம்பி போன குடையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார்.

அப்போது திரை அசைந்தது. கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று வெளியே நீண்டது. அதில் இரண்டு மர ஊசிகள். பாதி பின்னிய ஒரு குட்டிக் காலுறை அவற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"கங்காணியார், போவாதீங்க" என்றது, அதுவரை அந்தக் கடையில் யாரும் கேட்டிராத குரல். "இறுக்கக் கைக்குப் பத்தாம் நம்பர் மர ஊசிதான் சரியா வருமாம். முன்ன உள்ள வந்தப்ப இவருதான் சொன்னாரு. எனக்கு ஒரு கண்ணிகூடப் போடத் தெரியாது. பதுளை முழுக்க என் பேரச் சொல்லி விக்கிறதையெல்லாம் பின்னுறவர் உங்க முன்னாலதான் நிக்கிறாரு... இஞ்ச பாருங்க, கடைக் கதவச் சாத்திட்டு, கங்காணியாருக்கு மொத வரியச் சொல்லிக் குடுங்க!"