மாமி தோய்த்த பாவாடை

கிணற்றடியில் குணேஸ்வரி ஒரு பூப்போட்ட வெள்ளைப் பாவாடையைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். வேலிப் படலையைத் திறந்துகொண்டு அடுத்த வீட்டுப் பாக்கியம் வந்தாள். முந்தாநாள் குணேஸ்வரியின் தங்கச்சி மலரைப் பலவந்தப்படுத்தியவன் பாக்கியத்தின் மகன்தான்.

“மலர் அண்டைக்கு உடுத்திருந்த பாவாடைதானே பிள்ளை?”

“வடிவாப் பாருங்கோ மாமி.”

“அதுதான். இஞ்ச கறை கிடக்கு. விடு, நான் தேய்க்கிறன்.”

பாக்கியமே குந்தியிருந்து, மூச்சிரைக்கத் தேய்த்தாள். கறை போய்விட்டது.

“இனிப் பொலிசுக்குப் போனாலும் சாட்சியம் ஒண்டுமில்லை. இந்தக் கதையை விட்டிடுங்கோ.”

“ஓம் மாமி.”

அவள் போனதும் குணேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். அடுப்பு மூலையில் மலர் இருந்தாள்.

“என்னக்கா?”

“என்ர பாவாடையில கிடந்த நாவற்பழக் கறையைப் பாக்கியம் மாமி போக்கித் தந்திட்டா. எனக்கு எவ்வளவு தேய்ச்சும் ஏலாமல் இருந்தது.”

தீபாவளிக்கு இருவருக்கும் ஒரே துணியில் தைத்த பாவாடைகள் அவை. மலருடையதைக் கழுவாமலே அப்பா ஆஸ்பத்திரியில் ஒப்படைத்திருந்தார். அது லேடி டாக்குத்தரின் அரக்கு முத்திரையோடு காலை ரயிலில் கொழும்புக்குப் பரிசோதனைக்குப் போய்விட்டது.

மலர் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. அக்காவின் தோளில் சாய்ந்து, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

பாக்கியத்தின் வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“அக்கா, என்ர மஞ்சள் சட்டையிலயும் மாங்காய்க் கறை கிடக்கு,” என்றாள் மலர். “அதையும் மாமியிட்டக் குடுத்திருக்கலாம்.”