கேப்டனின் இரண்டு முடிவுகள்

முந்நூற்றைம்பது ரூபாய் பந்தயப் பணத்தை நான் தரவேண்டும் என்று என் மனைவி தங்கபுஷ்பம் அடித்துச் சொன்னாள். பழைய அமெரிக்க நாவலொன்றைக் கதை சொல்லும் இயந்திரமான கதைப்பெட்டி எங்களுக்குத் தனித்தனியே சொல்லியிருந்தது. கேட்பவர் மனசுக்கு ஏற்றபடி அது முடிவை மாற்றிவிடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அவளுடைய கதையில் கப்பல் கேப்டன் வீடு திரும்பினான். என்னுடையதில், தான் துரத்திப்போன திமிங்கிலத்தைக் கொன்றான். எது நிஜமான முடிவு என்பதுதான் பந்தயம்.

நான் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன். போன வருஷம்தான் வாசிக்கக் கற்றேன். நூலகத்திலிருந்து அச்சுப் புத்தகத்தை வாங்கிவந்து, கடைசி அத்தியாயத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினேன். கேப்டன் கடலில் மாண்டான்.

தங்கபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொட்டி ரெண்டு பேரையும் ஏமாத்திருக்கு. இவ்வளவு காலம் இந்தக் கதை ஏன் நெலைச்சு நின்னுச்சுன்னு இப்பதான் புரியுது."

பிறகு பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "மரியக்கா, பொட்டிய அணைச்சிட்டு வாங்க. எங்க வீட்டுக்காரரு முதல்லருந்து வாசிக்கப்போறாரு, உள்ளது உள்ளபடி."

"அப்ப பந்தயக் காசு?" என்றேன்.

"தள்ளுபடி. தொண்டையச் செருமிக்கிட்டு ஆரம்பிங்க."