யாருக்கும் தெரியாத இலக்கம்

காலையிலேயே சிக்னல் வந்துவிடும் என்றார்கள். வெயில் ஏறி, துறைமுக வீதியில் தார் மணக்கத் தொடங்கியும் வரவில்லை.

இஹ்ஸானின் போன் கடை முன்னால் நின்ற கூட்டத்தில் கிறிஸ்டின்தான் முதலில் வந்தவள். புதுக் கம்பனியின் சிம்மைக் கடை திறந்த கையோடு வாங்கிப் போட்டுவிட்டாள். இனி டவர் வேலை செய்ய வேண்டியதுதான் பாக்கி.

ஊரெல்லாம் கொஞ்ச நாளாக இதே கதை. டேட்டா பாதி விலையாம். காட்டுக்குள் நின்றாலும் எடுக்குமாம். பழைய கம்பனிகளின் ஆட்கள் எதிர்ப்பக்கம் குடை விரித்து, போகிறவர் வருகிறவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

புதுக் கம்பனியின் வாகனம் ஒலிபெருக்கியோடு மேலும் கீழும் போய்வந்தது. இன்றைக்கு மாவட்டத்தில் சிலருக்குக் கம்பனியே அழைப்பெடுக்குமாம். எடுத்துக் கதைத்தால் பரிசாம்.

அந்த அறிவிப்பை, தான் இருக்கிற உப்புவெளியில் முதன்முதலாகக் கேட்ட நாளிலிருந்து கிறிஸ்டினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடுதியில் உடுப்புத் தோய்க்கிற வேலைக்கு இன்றைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் விடியாததுமாக பஸ் ஏறியிருந்தாள்.

இஹ்ஸான் ஒரு கதிரை எடுத்துப் போட்டான். இருந்தாள். எழுந்தாள். போனைக் கைப்பைக்குள் வைத்து, உடனே வெளியே எடுத்துப் பார்த்தாள்.

சிக்னல் இல்லை.

பக்கத்தில் நின்ற சுலக்ஷனா என்ற பிள்ளை, முதல் கோல் யாருக்கு என்று சிரித்தபடி கேட்டாள்.

"திரியாயில ஒரு பிள்ளை இருக்குது."

மகனா என்று அவள் கேட்டது காதில் விழாதது போல, கிறிஸ்டின் வீதியைப் பார்த்தாள்.

இன்னும் கொஞ்ச நேரம் போனால், எடுக்க மாட்டான். பரிசு அழைப்பாக இருக்கும் என்ற ஆர்வம் அடங்கிவிடும். தோட்டத்துக்கோ கடைக்கோ போய்விடுவான். போனை வீட்டில் விட்டுவிட்டுப் போகிற பழக்கமும் அவனுக்கு உண்டு. இதையெல்லாம் மாறி மாறி நினைத்து, புடவைத் தலைப்பைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

திடீரென்று யாரோ கை தட்டினார்கள். கூட்டத்தில் ஒரு போன் அடித்தது. பிறகு ஒன்று. பிறகு எல்லாம் சேர்ந்து.

கிறிஸ்டின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கரையோர மதில் வரைக்கும் போனாள். இலக்கம் அவளுக்கு மனப்பாடம்.

இரண்டு தரம் அடிக்குமுன்னே எடுபட்டது.

"ஹலோ, ஓம், ஜதுசன் கதைக்கிறன்." பரிசை எதிர்பார்க்கிற குரல்.

அந்தக் குரலை அவள் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல்.

அதற்கு முன் ஒவ்வொரு நாளும் கேட்டவள். போன மாரிக்கு முந்தின மாரியில், அவளுடைய மகன் றிக்சனும் இந்த ஜதுசனும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனார்கள். ஜதுசன் மட்டும் திரும்பி வந்தான். றிக்சனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

பின்னேரமானால் கிறிஸ்டின் அவனுக்குப் போன் எடுப்பாள். ஒன்றே ஒன்றைத்தான் கேட்பாள்.

"நீ மட்டும் ஏன் வந்தனீ?"

முதலில் அழுதான். பிறகு பேசாமல் இருந்தான். பிறகு அவள் இலக்கத்தைத் தடுத்துவிட்டான். அவள் வேறு கம்பனியில் சிம் வாங்கி அதையே கேட்டாள். அதையும் தடுத்தான். இருந்த கம்பனிகள் எல்லாம் முடிந்தபோது, தெரியாத இலக்கம் எதையும் எடுக்காதவனாகிவிட்டான்.

கடைசியில் திரியாய்க்கே பஸ் ஏறிப் போனாள். மனைவி பிரியங்கினி படலையைத் திறக்கவில்லை. அவர் இல்லை என்றாள். அவனுடைய செருப்பு வாசலில் கிடந்தது.

அவர் கடலுக்குப் போறதை விட்டிட்டார் என்று பிரியங்கினி சொன்னாள். தண்ணீரைக் கண்டாலே பயமாம், கிணற்றடிக்குக்கூடப் போகிறதில்லையாம். குளிக்க வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டுமாம். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வந்த பஸ்ஸில் கிறிஸ்டினுக்குக் கேட்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. சொல்லத்தான் ஒன்று இருந்தது. ஆள் விட்டுச் சொல்லக்கூடியதல்ல அது.

"வைச்சிடாதேங்கோ தம்பி. நான் றிக்சன்ர அம்மா."



யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன. துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் அசையாமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்கள் வந்தது நல்லது. நீங்களாவது வந்தது நல்லது, தம்பி."

லைன் அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தாள். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. திரும்பக் காதில் வைத்தாள்.

அவன் கேட்டான்.

"அன்ரி, நான் அவனைப் பற்றிக் கதைக்கலாமோ? இங்க ஒருத்தரும் என்னை விடுகினமில்லை."

கிறிஸ்டின் மதிலில் உட்கார்ந்தாள்.