மிதக்கும் மேசை

ஆய்வுக்கூடத்தின் அந்த மேசை காற்றின் மேல் மிதக்கிறது. கால்களுக்குள் அழுத்தக் காற்று இருப்பதால், தெருவில் லாரி போனாலும் அதிர்வு மேலே ஏறாது. ஆனாலும், யாரும் தொடாத ஊசல் அதன் மேல் லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. அது அசையாமல் நின்றால்தான் அளவெடுக்க முடியும். அளவெடுத்தால்தான், இறந்துபோன கணவர் பாதியில் விட்ட ஆய்வை அவளால் முடிக்க முடியும்.

"எலியா இருக்கும் மேடம்," என்றார் டெக்னீஷியன்.

"எலி நொண்டுமா?" என்று அவள் திரையைக் காட்டினாள்.

மோட்டார் என்றால் துடிப்புகள் ஒரே சீராக இருக்கும். தரையில் வைத்த சென்சார்களில் இவை ஒன்று பலமாகவும் அடுத்தது மெலிதாகவும் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தன.

டெக்னீஷியனுக்குச் சிரிப்பு வரவில்லை. "சாரும் ரீடிங் வர்ற வரைக்கும் அந்த அடிபட்ட காலை வச்சுக்கிட்டு நொண்டி நொண்டி நடந்துக்கிட்டே இருப்பாரு."

"சொன்னா எங்க கேட்டாரு?"

அவள் பக்கத்து அறையிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து மேசையருகே போட்டாள்.

"போதும், உக்காருங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

திரையில் கோடு நேரானது. நாற்காலி அங்கே இருக்கும்வரை ஊசல் ஆடுவதில்லை.