நடை வேகத்தில் ஒரு படகு

அலைமேல் எழும்பிப் பறக்கவென்றே செய்த படகை செல்வின் நடக்கிற வேகத்தில் ஓட்டினான். மனைவி ஜெனிட்டா எதிர்க்கரையிலுள்ள அம்மா வீட்டுக்குப் போகிறாள். திரும்பி வருவதாகச் சொல்லவில்லை.

"டீசல் இல்லையா?" என்றாள்.

"இருக்கு. இப்படிப் போனா கம்மியாக் குடிக்கும்."

"அடேயப்பா, புதுச் சிக்கனம்!"

பறக்கும்போது இரைச்சலில் அவள் பேச்சு அவனுக்குக் கேட்டதே இல்லை. இந்த வேகத்தில் படகின் மூக்கு இடமும் வலமுமாக அலைந்தது. அவன் சுக்கான் சக்கரத்தை வெட்டித் திருப்பத் திருப்ப, இன்னும் அலைந்தது.

"தள்ளுங்க" என்று அவள் சக்கரத்தை வாங்கி, லேசாகப் பிடித்தபடி காத்திருந்தாள். மூக்கு தானாகத் திரும்பி வந்தது.

"நீ வர்றது அத்தைக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலை."

இறங்கவேண்டிய துறை பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து போனது. அவள் சக்கரத்தைத் திருப்பவில்லை.