உச்சி வெயிலில் உருளை

"நிறுத்துங்க சித்தப்பா! இது அநியாயம்!"

டிராக்டருக்கு முன்னால் கையை விரித்து நின்றாள். சட்டம் படிக்கிற பெண். அப்பா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்க, மானாவாரி நிலத்தைப் பார்த்துவிட்டுப் போக வந்தவள்.

விரல் உயரம் முளைத்திருந்த பட்டாணிப் பயிர் மேல் இரும்பு உருளை ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் உச்சி வெயிலில், செடியெல்லாம் துவண்டு கிடக்கிற நேரத்தில்.

"தள்ளும்மா. இந்த ஓரம் ஒண்ணுதான் பாக்கி," என்றார் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா.

"அப்பா படுத்த படுக்கையா இருக்கார். இந்த வருஷம் எங்களுக்குன்னு இருக்கறது இந்தப் பட்டாணி ஒண்ணுதான். வரப்புத் தகராறை இப்படியா தீர்த்துக்கறது?"

"வரப்பு எங்கேயும் ஓடிப் போகல. நீ வழியை விடு."

"விட மாட்டேன். அத்துமீறல், பயிர்ச்சேதம், ரெண்டுக்கும் பிரிவு இருக்கு. சொல்லட்டுமா?"

"சுருக்கமாச் சொல்லு."

சுருக்கமாகச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு நிழல் தேடி உட்கார்ந்தார். சித்தப்பா வாய் திறந்த போதெல்லாம் அவள் குறுக்கே பாய்ந்தாள். மூன்று மணி நேரம். வெயில் சாய்ந்தது. கடைசியில் அப்பாவையே போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, சித்தப்பா நம்ம பயிர் மேல உருளை ஓட்டிட்டார்!"

ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் உயர்ந்தது.

"தம்பியா? உச்சி வெயில்லயா?"

"ஆமாப்பா!"

"அடி பைத்தியக்காரி! பட்டாணி தரையோட படரும், மிஷின் தரையை ஒட்டித்தான் அறுக்கணும். கல்லை மண்ணுக்குள்ள அமுக்கலேன்னா அறுவடை மிஷின் கத்தி முறிஞ்சு, பாதிக் காய் வயல்லயே போயிடும். வாடின செடிதான் உருளைக்கு முறியாது. ரெண்டு நாள்ல எழுந்து நிக்கும். யார்கிட்டடா சொல்றதுன்னு நான் இங்க தவிச்சிட்டிருந்தேன்."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"முதல்லயே சொல்லக் கூடாதா சித்தப்பா?"

"நீ மூச்சு விட்டாத்தானே?"

டிரைவர் வண்டியைத் திருப்பினார். வரப்புக்கு அப்பால் சித்தப்பாவின் பட்டாணி, கல்லுக்கு நடுவே அப்படியே நின்றது.

"அண்ணே, சித்தப்பா நிலத்துக்கு ஓட்டலயா?" என்று டிரைவரைக் கேட்டாள்.

"அவர் நிலத்துக்குன்னு வரச்சொன்ன வண்டிதாம்மா இது. அண்ணன் நிலம் முதல்லன்னார். இப்ப வெயில் இறங்கி, செடி விறைச்சிடுச்சு, ஓட்டினா முறியும். நாளைக்கு நான் வேற ஊர்ல. திரும்பி வர்றதுக்குள்ள பயிர் வளர்ந்துடும், அப்புறம் உருளை ஓட்ட முடியாது..."

சித்தப்பா பதறிப்போய் அவள் பக்கம் கையை ஆட்டினார்.

"முதல்ல போனை வைம்மா. அண்ணன் காதுல விழுந்துடப் போகுது!"